குறுக்கே வந்த நாய்

"பஸ்ல கூட்டம் எப்படி?" என்று கேட்டார் அவர்.

சிக்னலில் நின்றிருந்த பேருந்தை அவள் திரும்பிப் பார்த்தாள். "உக்கார எடம் இருக்கு. அப்படியும் நாலஞ்சு பேரு கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. டிரைவர் உங்கள மாதிரியே தொப்பைக்காரர். புது வண்டி போல, கதவெல்லாம் தானா…" மூடிக்கொள்கிறது என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை. இடது கால் தரையை விட்டு எழும்பவில்லை. வழியில் கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. உடம்பு முன்னே போய்விட்டது, கால் மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தை வாரிக் கட்டிக்கொண்டாள். அவள் முழங்கையைப் பிடித்திருந்த அவர் கை வெடுக்கென்று இழுபட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நாய் குறுக்க வந்துடுச்சு."

"அந்தப் பழுப்பு நாயா?"

"அதேதான். சனியன், நம்ம வர்ற நேரம் பார்த்துத்தான் வரும்."

நாயும் இல்லை, பழுப்பும் இல்லை. முதல் தடவை கால் மாட்டிக்கொண்டபோது வாயில் வந்தது நாய். என்ன நிறம் என்று அவர் கேட்டபோது வாயில் வந்தது பழுப்பு. அதோடு விட்டாரா மனுஷன்? வாலை ஆட்டுதா, எலும்பும் தோலுமா இருக்கா, கழுத்தில் பட்டை இருக்கா என்று குடைந்து எடுத்துவிட்டார். அவளும் சளைக்காமல் ஒரு காது மடிந்த, பட்டை இல்லாத, யாருக்கும் சொந்தமில்லாத நாய் ஒன்றை அந்தத் தெருவில் பெற்றுப் போட்டாள். மறுநாளே அவர் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் ஏறிக்கொண்டது.

இப்போதும் அவர் பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, போடு. பாவம், எதையோ எதிர்பார்த்துத்தானே காலைச் சுத்துது."

அவள் வாங்கிக் கீழே போட்டாள். பிஸ்கட் நடைபாதையில் இரண்டாக உடைந்து கிடந்தது. "தின்னுதா?" என்று கேட்டார். "லபக்குன்னு முழுங்கிடுச்சு" என்றாள். நாற்பது வருஷமாகக் கூட வாழ்கிற மனுஷனிடம் இல்லாத நாய்க்குச் சோறு வாங்கிப் போடுகிற பிழைப்பு ஆகிவிட்டதே என்று இருந்தது அவளுக்கு.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. வீட்டுக்குள் அவருக்கு யாரும் வேண்டாம். சுவரைத் தொட்டுத் தொட்டே எல்லாம் செய்துகொள்வார். ஆனால் ரோடு இல்லாமல் அவரால் இருக்க முடியாது. சாயங்காலம் ஆனால் கேட்டருகே வந்து நின்றுவிடுவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முழங்கையை நீட்டுவாள். அதைப் பிடித்துக்கொண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பேருந்தில் கண்டக்டர் மணி அடிக்கிற கணக்கு அது. ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் எடு. "ரைட்!" என்பாள் அவள். வண்டி கிளம்பிவிடும். பூங்கா வரை போய்த் திரும்புவார்கள்.

அந்த வழி முழுக்க அவருக்குக் கேள்விதான். கண்ணாடிக் கடையில் புதிதாக என்ன மாட்டியிருக்கிறான், முனை வீட்டு மாடியில் இன்னும் செங்கல் அடுக்கியபடியே கிடக்கிறதா, போகிறது லாரியா வேனா, அதை ஓட்டுகிறவன் கியரை ஏன் இப்படிப் போட்டுக் கொல்கிறான். அவள் சொல்லிக்கொண்டே வருவாள். சொல்வதென்றால் சும்மா இல்லை. கண்ணாடிக் கடைக்காரன் தன் கடைக் கண்ணாடியிலேயே தலை வாருவதையும், முனை வீட்டுக்காரி மாடியில் நின்று எதிர்வீட்டை வேவு பார்ப்பதையும் ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். நாள் முழுக்க நாற்காலியில் சுருண்டிருக்கிற மனுஷன் அந்தக் கொஞ்ச நேரந்தான் நிமிர்ந்து நடப்பார்.

தன் கால் இப்படித் துரோகம் செய்யும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது என்று பேர் வாங்கியவள். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஒருத்தர் அவசரம் என்று அழுதுகொண்டிருப்பார், கை வேறு ஒருத்தருக்கு இணைப்புக் கொடுக்கும், வாய் "லைன்ல இருங்க" என்று சொல்லும், கண் பக்கத்து சீட்டுக்காரியிடம் ஜாடை பேசும், மனசு வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று ஓடும். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் தெருவில் அவளை எக்சேஞ்ச் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பேருந்துக் கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி வைக்க முடியவில்லையாம். யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தனியாகக் கடைக்குப் போய்ப் பார்த்தாள். விறுவிறுவென்று போனாள், வந்தாள், ஒரு குறையும் இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தாள். கால் சொன்னதைக் கேட்டது. சரி, பிரமை என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவர் கையைப் பிடித்து, அவர் கேட்க ஆரம்பித்து, அவள் பதில் யோசித்தாளோ இல்லையோ, கால் மறுபடி தயங்கியது. சில நாள் நடை வேகம் மட்டும் குறைந்தது. சில நாள் நாய் வந்தது. வர வர நாய் அடிக்கடி வந்தது.

மருந்துக் கடை வாசலில் அவள் விழுந்தது ஒரு வியாழக்கிழமை. அவர் ஏதோ ஒரு பழைய ரூட்டைப் பற்றிக் கேட்டார், அதில் ஒரு பாலம் வருமே, அதற்கு முன்னால் என்ன ஸ்டாப்பிங் என்று. அவள் மனசுக்குள் அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே முட்டி தரையில் மோதியது. அடி பெரிதில்லை, தோல் வழன்றதோடு சரி. ஆனால் கீழே கிடந்தபடி நிமிர்ந்து பார்த்ததுதான் அவளைக் கொன்றது. அவள் முழங்கை இருந்த இடத்தில் அவர் கை அப்படியே நின்றது. வெறும் காற்றைத் துழாவியது. "எங்க இருக்க? ஏய், எங்க இருக்க?" என்று அவர் எதிர்த் திசையைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு மோட்டார் சைக்கிள் அவரை உரசுவது போல வளைத்துக்கொண்டு போனது. அவளுக்குக் குரல் எழும்பவில்லை. மருந்துக் கடைக்காரர் ஓடி வந்து முதலில் அவரைத்தான் பிடித்தார்.

"நாய்…" என்றாள் அவள், எழுந்து உட்கார்ந்ததும்.

"எந்த நாய்ம்மா? நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன், ஒண்ணும் வரலையே" என்றார் மருந்துக் கடைக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் நேரம் காலம் தெரியாதவர். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். வீடு வரும்வரை அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வரவில்லை. மருந்துக் கடைக்காரர் அதோடும் நிற்காமல் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

மகள் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அம்மாவின் அவசரமும் அப்பாவின் பிடிவாதமும் ஒன்றாகச் சேர்ந்து பிறந்தவள். மறுநாளே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பிசியோதெரபிஸ்டின் முன்னால் நிறுத்தினாள். சின்னப் பெண், கனிவாகப் பேசினாள். ஒரு நீளமான வராந்தாவைக் காட்டி, அந்தக் கோடியிலிருக்கும் கதவு வரை நடந்துவிட்டு வரச் சொன்னாள். சுவரோரப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் விட்டேனா பார் என்று நடந்தாள். செருப்புச் சத்தம் வராந்தாவில் டக் டக்கென்று எதிரொலித்தது. போய்த் திரும்பி வந்து, எப்படி என்பது போல மகளைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா நடக்குறீங்கம்மா. இப்ப அதே மாதிரி நடங்க. நடந்துக்கிட்டே நூறுலேருந்து மூணு மூணாக் கழிச்சுச் சொல்லிட்டே போங்க."

"இதென்ன பிரமாதம்?" என்று கிளம்பினாள். தொண்ணூத்தி ஏழு. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி ஒண்ணு. அதற்கு அடுத்ததை எட்டிப் பிடிக்கப் போனபோது செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. வராந்தா நடுவில் நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. "எண்பத்தி எட்டு" என்று வெற்றியோடு சொல்லிவிட்டுப் பார்த்தால், இரண்டு காலும் ஜோடியாக நின்றுகொண்டிருந்தன. மறுபடி கிளம்பினாள், மறுபடி நின்றாள். பெஞ்சில் அவர் தலையைச் சாய்த்து, காதை அந்தப் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பேருந்து எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் அப்படித்தான் கேட்பார். ஒவ்வொரு நிறுத்தத்தையும் அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சூடாகிவிட்டது.

"நோயெல்லாம் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். "நடக்குறது தானா நடக்குதுன்னு நாம நினைக்குறோம். சின்ன வயசுல அது கிட்டத்தட்ட உண்மைதான். வயசாக ஆக, ஒவ்வொரு அடிக்கும் மூளை கொஞ்சம் கவனம் கொடுக்க வேண்டியிருக்கு. அந்த நேரம் பார்த்து வேற யோசனையும் வந்தா ரெண்டுல ஒண்ணு காத்துக்கிட்டு நிக்கணும். உங்களுக்குக் கால் காத்துக்கிட்டு நிக்குது. பயிற்சி தரேன், கொஞ்சம் கொஞ்சமா தேறும். அதுவரைக்கும் ரோட்டுல பேசிக்கிட்டே நடக்காதீங்க. அதுவும் ஐயாவைக் கூட்டிக்கிட்டு."

ஊர் ஜனத்தையெல்லாம் லைனில் காத்திருக்கச் சொன்னவள் அவள். இப்போது அவள் காலையே யாரோ லைனில் நிற்க வைத்துவிட்டார்கள்.

காரிலேயே மகள் முடிவெடுத்துவிட்டாள். "அப்பாவ வாக்கிங் கூட்டிட்டுப் போக ஒரு ஆளப் பேசிட்டேன். திங்கக்கிழமையிலேருந்து வருவாரு. நீ வீட்டுல இரும்மா."

"யாரு அது?"

"அந்த ரிட்டயர்டு ஜட்ஜக் கூட்டிட்டுப் போவாரே, அவருதான். ரொம்பப் பொறுமையான ஆளு."

அந்த ஆளை அவள் பார்த்திருக்கிறாள். பொறுமைதான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஜட்ஜுமாகப் போவான். ஒரு நாளும் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை. ஜட்ஜ் கடிகார முள் மாதிரி ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். முகத்தில் ஈயாடாது.

"அவன் வாயத் திறக்க மாட்டான்டி. உங்கப்பா காலுக்காகவா வாக்கிங் போறாரு? அவருக்கு ரோடு வேணும். இவன் ரோட்டக் காட்டுவானா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா நான் யாரத் தூக்குறது, சொல்லு?" மகளின் குரல் உடைந்தது. சிவப்பு விளக்கு விழுந்து, கார் நின்றது. பின் சீட்டில் இருந்த அவரோ ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயைத் திறந்தால் மூடாத மனுஷனுக்கு இன்றைக்கென்று வாய்ப்பூட்டா?

சனிக்கிழமை நடக்கப் போகலாம் என்று அவள் கூப்பிடவில்லை. ஞாயிறு சாயங்காலம் வரை வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். குழாயைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். வெயில் இறங்கியபோது எட்டிப் பார்த்தால், அவர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார், கம்பியைப் பிடித்தபடி, எப்போதும் போல. செருப்பை மாட்டிக்கொண்டு போய் முழங்கையை நீட்டினாள். இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்" என்றாள்.

நடந்தார்கள். அவர் பேசவே இல்லை. கண்ணாடிக் கடை போனது, முனை வீடு போனது. பின்னால் ஒரு லாரி கியர் மாற்ற முடியாமல் அலறியது, அதற்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை. அவள் கால் பிசகாமல் போனது. கால் பிசகாமல் போகப் போக அவளுக்குள் ஆத்திரம் பொங்கியது. கூட வருவது அவரா, அந்த ஜட்ஜா? பூங்கா வாசலில் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சு வந்ததும் பட்டென்று நின்றாள்.

"இதுக்குப் பேசாம அந்தப் பொறுமைக்காரனோடயே போயிருக்கலாமே நீங்க!"

அவர் பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "என் சீட்டுக்கு மேல என்ன எழுதியிருக்கும், ஞாபகம் இருக்கா?"

"என்ன?"

"வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேசாதீர். சர்வீஸ் முழுக்க என் தலைக்கு மேல இருந்துச்சு. எவனாவது பக்கத்துல வந்து பேச்சுக் கொடுத்தா எவ்வளவு எரிஞ்சு விழுந்திருப்பேன்? இப்ப டிரைவர் நீ. நான்தான் பக்கத்துல நின்னுக்கிட்டு நொய்நொய்னு பேச்சுக் கொடுத்திருக்கேன். நேத்து முந்தாநாள் இல்ல, மாசக் கணக்கா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. "அந்த நாய்…" என்று இழுத்தாள்.

"நாய் கிடக்கட்டும். நாய்னா நகம் தரையில கீறுற சத்தம் கேக்கும். மூச்சு இரைக்கும். பிஸ்கட்டக் கடிச்சா நொறுங்குற சத்தம் வரும். முழுங்கிடுச்சாம்!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டாவது தடவையே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பயந்துடுவ. பயந்தா வண்டிய எடுக்க மாட்ட. எனக்கு சுயநலம். சரி, அது நாயாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். மருந்துக் கடைகிட்ட உன் கை என் கையை விட்டுப் போச்சு பாரு, அப்பதான்…" பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். மீதி இருந்ததை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தின்றார்கள். நமுத்துப் போயிருந்தது. அவள் அழுதுகொண்டே தின்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

"ஸ்டாப்பிங்குல பேசலாமில்ல?"

"என்னது?"

"வண்டி ஓடும்போதுதானே பேசக் கூடாது? ஸ்டாப்பிங்குல நின்னா?"

அவர் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. "நின்னா தாராளமாப் பேசலாம்."

"அப்ப கேளுங்க. இதுதான் முதல் ஸ்டாப்பிங், பூங்கா. எதிர்ல பலூன் விக்கிறவன் இருக்கான். பாதி பலூன் காத்து எறங்கி, அவனும் அப்படியே இருக்கான்." அவர் சிரித்தார். இந்தத் தடவை முழுசாகச் சிரித்தார். அவள் பூங்காவை முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, எழுந்து நின்று அவள் முழங்கையைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்து அந்த விளக்குக் கம்பம் வரை வாயைத் திறக்காமல் நடந்தார்கள். கம்பத்தருகே அவள் நடையைத் தளர்த்த, முழங்கையில் ஒரு தட்டு. நின்று, லாரியைப் பற்றித் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்தார். வேலை முடிந்து வருகிறவர்கள் அவர்களை இடித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் போனார்கள். நடைபாதை நடுவில் நின்று கதையா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். "ஸ்டாப்பிங்கும்மா, எறங்குறவங்க எறங்கலாம்" என்றார் அவர். முனை வீட்டுக்கு முன்னால் ஒரு நிறுத்தம், கண்ணாடிக் கடையில் ஒன்று. வழக்கமாக வீடு திரும்புகிற நேரம் எப்போதோ போய்விட்டது. அவள் கைப்பையில் போன் அடித்தபடி இருந்தது. மகள்தான். எடுத்துப் பேசினால் கால் நின்றுவிடும் என்று எடுக்கவில்லை.

அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பாதித் தூரத்தில் அவள் தானாகவே நின்றுவிட்டாள். இந்த முறை கால் தயங்கவில்லை, அவள்தான் நிறுத்தினாள்.

"இங்க ஏது ஸ்டாப்பிங்?" என்றார் அவர். "என்ன, நாயா?"

வாய் வரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

"இல்லங்க. நம்ம கேட்டுல வெளக்கு எரியுது. உங்க பொண்ணு நிக்கிறா, போனைக் காதுல வச்சுக்கிட்டு. இன்னும் நம்மளப் பாக்கல. பக்கத்துல அந்த ஆளு. நாளைக்கு வர்றவன் இன்னைக்கே வீடு பார்க்க வந்திருக்கான் போல. ஒயரு காதுலேருந்து தொங்குது. நம்ம கேட்டு மேல சாஞ்சுக்கிட்டு நிக்கிறான், நீங்க நிப்பீங்களே, அந்த இடத்துல."

அவர் தலையைச் சாய்த்தார். கேட்டுக்கொண்டு நின்றார். கைப்பைக்குள் போன் மறுபடி அடித்தது. தெருக் கோடியில் மகள் தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்துவிட்டாள், கையைத் தூக்கினாள். அவள் முழங்கையில் அவர் விரல் ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது தட்டு விழுமா என்று அவள் அசையாமல் நின்றாள்.